மூன்று சீனுக்களும் ஒரு நிச்சயதார்த்தமும்

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் கோயில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு லாட்ஜ். இரண்டாவது மாடி அறை. கட்டில் மேல் ஒரு விண்ணப்பப் பாரம் விரிந்து கிடக்கிறது. அதைச் சுற்றி ஏழு ஆண்கள். அதில் மூன்று பேர் மொட்டை. மத்தியான வெயிலில் ஜன்னல் கம்பி சுடுகிறது. கீழே யாரோ புளியோதரைப் பொட்டலம் பிரித்த வாசனை மாடி வரைக்கும் வருகிறது.

ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தப்பு ஏதாவது இருக்கிறதா என்று பெரிய சீனு பாரத்தைக் கையில் எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தான். மூன்றாவது பெயர் என்னுடையது. "ஏகாம்பரம், நகரி, திருப்பதியில் துணிக்கடை வேலை" என்று அவன் படித்ததும், ஜன்னலோரம் நின்ற சின்ன சீனுவின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெயில் தாங்கவில்லை போல என்று நினைத்துச் சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

பெரிய சீனு நாலு, அஞ்சு, ஆறு என்று படித்துக்கொண்டே போனான். ஏழாவது பெயரைப் படித்தபோது என் கையிலிருந்த சொம்பு கட்டில் மேலேயே கவிழ்ந்தது. பாரம் அவன் கையில் இருந்ததால் நனையாமல் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

"தயாளன், வடமாலபேட்டை, கரண்ட் ஆபீஸ்."

அடுத்த வெள்ளிக்கிழமை என் தங்கை புவனாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பெயர் தயாளன். ஊர் வடமாலபேட்டை. வேலை கரண்ட் ஆபீஸில்.

(இது அவனுடைய நிஜப் பெயர் இல்லை. ஊரையும் வேலையையும்கூட மாற்றியிருக்கிறேன். அவனும் புவனாவும் இந்த அத்தியாயத்தை உங்களுக்கு முன்னால் படித்து, "போடு" என்று சொன்ன பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்பினேன்.)

என்ன பாரம், என்ன சங்கம்?

புதிதாக இந்தத் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்கு இரண்டு வரி. ஆணுக்கு ஆண் மேல் ஆசை வந்தால் ஜெயில் என்று சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த காலம் அது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்க ஒரு சங்கம் வேலை செய்துகொண்டிருந்தது. தலைமை ஆபீஸ் வடக்கே. ஊர் ஊராகக் கிளைகள். திருப்பதியில் ஒரு கிளை வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். ஏழு பேர் நிஜப் பெயர், அப்பா பெயர், விலாசத்தோடு கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், தருகிறோம் என்றார்கள்.

போன வாரம் ஒரு வாசகர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். "பெருமாள் ஊரில் இப்படி ஒரு கூட்டமா, வெட்கமாக இல்லையா?" என்று. இல்லை ஐயா. அன்றைக்கு இருந்தது, செலவழிந்துவிட்டது. அந்தப் பெருமாளைப் பார்க்கத்தான் எல்லா விதமான ஜனங்களும் வருகிறார்கள். எங்களை மட்டும் வரிசையில் இருந்து இழுத்து வெளியே விட அவர் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு மறைந்துகொள்ள அந்த ஊரைவிட நல்ல ஊர் கிடையாது. யாத்திரைக்காரர்களோடு லாட்ஜில் இறங்கினால் எவன் கேட்பான்? மொட்டை அடித்து, சந்தனம் பூசி, கையில் லட்டுப் பையோடு நடந்தால் சொந்த அண்ணன்காரனே தாண்டிப் போவான். லாட்ஜ் கிளார்க் எங்களை பஜனை கோஷ்டி என்றே நினைத்திருந்தான். "ஜால்ரா எங்க சார்?" என்று ஒருமுறை கேட்டான்.

நிஜப் பெயர் சொல்லக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, வேலை கேட்கக் கூடாது. இதுதான் எங்கள் சட்டம். ஆளுக்கொரு பொய்ப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னோம். திருப்பதியில் பொய்ப் பெயர் வைக்கச் சொன்னால் என்ன வைப்பான்? முதலில் வந்தவன் சீனு. இரண்டாவது வந்த நானும் சீனு. மூன்றாவது வந்தவனும் சீனு! பஸ் ஸ்டாண்டில் நின்று "சீனு" என்று கூப்பிட்டால் பாதி ஜனம் திரும்பிப் பார்க்கும், அதனால் பத்திரம் என்று மூன்று பேருமே தனித்தனியாக யோசித்திருக்கிறோம். கடைசியில் பஸ் கண்டக்டரான முதல் ஆள் பெரிய சீனு, நான் நடு சீனு, ஒல்லியாக இருந்தவன் சின்ன சீனு.

சின்ன சீனு வந்தால் அறையின் ஃபேன் ஓடும். பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ரெகுலேட்டரைக் கழற்றி எதையோ முறுக்கி மாட்டுவான். கரண்ட் ஆபீஸ்காரன் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். என் தங்கையைப் பற்றி அவனிடம் பெருமையாகப் பேசியிருக்கிறேன். பெயரை மட்டும் சொன்னதில்லை. சட்டம் சட்டமாச்சே.

கோட்டுக்கு இந்தப் பக்கம்

நிஜப் பெயரைக் கொடுத்துக் கிளை கேட்கும் அளவுக்கு எங்களுக்கு ஏன் ரோஷம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆந்திரம் தனி மாநிலமானபோது என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, மீசை அரும்புகிற வயது. அப்புறம் எல்லைத் தகராறைத் தீர்க்கிறோம் என்று திருத்தணியைத் தமிழ்நாட்டுப் பக்கம் கொடுத்தார்கள். எங்கள் நகரி ஆந்திராவில், இந்தப் பக்கமே நின்றுவிட்டது. வீட்டுக்கு வீடு என்ன பாஷை என்று எழுதிக்கொண்டு போனவர், நைனாவிடம் கேட்காமலேயே தெலுங்கு என்று எழுதப் போனாராம். "நாளைக்கு வேலைக்கு ஆகும், உட்றா" என்று பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லியிருக்கிறார். நைனா அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ கேட்டாலும் தமிழுதான், கேக்காட்டியும் தமிழுதான். எழுதிட்டுப் போ." இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருக்கிறவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக் காட்டுவார். வலிக்கும்.

சங்கத்திலும் எங்களுக்கு அதே கதைதான். தமிழில் நோட்டீஸ் வேண்டும் என்று சென்னைக் கிளைக்குப் போன் பண்ணினால், "நீங்க ஆந்திரா லிஸ்ட்ல வர்றீங்க, ஹைதராபாத்ல கேளுங்க" என்பார்கள். ஹைதராபாத்துக்குப் பண்ணினால், "மீரு தமிழ் வாள்ளு கதா?" என்று சிரிப்பார்கள், நீங்கள் தமிழ் ஆட்கள்தானே என்று. தறி ஓட்டுகிற நகரிப் பையன் ஒருவன் நாங்கள் கொடுத்த தெலுங்கு நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அன்றைக்கே முடிவு பண்ணினேன். எவனிடமும் கையேந்தக் கூடாது, நமக்கென்று கிளை வேண்டும், நோட்டீஸை நாமே இரண்டு பாஷையிலும் அடிக்க வேண்டும்.

கையெழுத்து வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஒருத்தன் ஒத்துக்கொண்டால் இன்னொருத்தன் பின்வாங்குவான். எல்லாரும் போட்டு முடிக்கும் வரை மேல் வரிகளைத் துண்டுக் காகிதத்தால் மூடி வைத்திருந்தோம். கடைசி ஆளாகச் சின்ன சீனு போட்டான். "போட்டுட்டன்டா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு அவ்வளவு வலித்தது.

குளத்துப் படியில்

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே வந்தேன். குளத்துப் படியில் உட்கார வைத்தேன்.

"மாப்ள நீதானா?"

"சீனு..." என்று இழுத்தான்.

"இன்னும் இன்னாடா சீனு? ஏகாம்பரம்னு சொல்லு. இல்ல, மச்சான்னே சொல்லேன். இன்னும் அஞ்சு நாள்தான கீது!"

அழுதுவிட்டான். படியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எங்களையே பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

"எங்கம்மா மூணு நாள் சோறு துன்னலடா. நான் சரின்னு சொன்னப்பறம்தான் தண்ணியே குடிச்சிச்சி. கட்டிக்கினா எல்லாம் சரியாப் பூடும்னு சொல்றாங்க."

"யாருக்கு சரியாப் பூடும்? உனுக்கா, புவனாவுக்கா?"

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

புவனா என் சித்தப்பா மகள். எனக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். நைனாவும் போன பிறகு நான் வளர்ந்தது சித்தப்பா வீட்டில். என்னைவிட ஆறு வயது சின்னவள். என் நடையைப் பார்த்து ஒருத்தன் தெருவில் கைதட்டிச் சிரித்தபோது, எட்டு வயது புவனா ஓடிப்போய் அவன் கையைக் கடித்து வைத்துவிட்டாள். என் உயிர் அவள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. கல்யாணத்தில் அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போடுவது அண்ணன் வேலை. அவளுக்கு நான்தான் போட வேண்டும். எல்லாம் தெரிந்துகொண்டு, என் கையால், இந்தக் கல்யாணத்துக்குப் பொரி போட வேண்டும்!

"நீயே போயி வேணாம்னு சொல்லு. காரணம் எதுனா சொல்லு, ஜாதகம் சரியில்லன்னு சொல்லு. ஆனா நீ சொல்லணும்," என்றேன்.

"புதங்கெழமைக்குள்ள சொல்லிட்றேன்," என்றான். புதன் வந்தது, போனது. வியாழக்கிழமை அவன் போன் அணைந்து கிடந்தது.

பெரிய சீனுவிடம் போய் நின்றேன். சித்தப்பாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவன் கண்டக்டர் பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"நுவ்வு செப்தே, நீ ஒர்த்தன பத்தி வெளிய சொல்லிட்டன்னா, நாளைக்கி எவன் நம்பி வருவான் இங்க? ரூல் அண்டே ரூலே. இங்க கேட்டது இங்கயே. பாப்பா வாழ்க்கை முக்கியம்தான், நான் ஒத்துக்கறேன். வேற வழி பாரு."

"வேற இன்னா வழி கீது?"

"தெலீது ரா," என்றான். தெரியாது என்பதை அவ்வளவு துக்கமாக ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை.

தறி நின்ற வீடு

வெள்ளிக்கிழமை காலை நகரி பஸ் ஏறினேன். கிளைக்கு நான்தான் செயலாளர் என்று முடிவாகியிருந்ததால் அந்தப் பாரம் என் பையில் இருந்தது. ஏழாவது வரியில் அவன் கையெழுத்து. சித்தப்பாவிடம் நீட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பஸ் வடமாலபேட்டையில் நின்றபோது எதிர்ப்பக்கம் ஒரு வேனில் தாம்பாளங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சித்தப்பா வீட்டில் நாலு பவர்லூம். இருபத்துநாலு மணி நேரமும் தடதடவென்று ஓடும் வீடு. அன்றைக்குத் தறியை நிறுத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் பேசினால் பேச்சு கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். தயாளன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் தெரியாதது போல வணக்கம் சொன்னோம். மூன்று வருஷப் பழக்கம், அதில் எங்களுக்கு நல்ல தேர்ச்சி.

புவனா காபி கொண்டு வந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வெற்றிலை பாக்குத் தட்டு நடுவில் வந்தது. இதை மாற்றிக்கொண்டால் முடிந்தது கதை. அவன் வாயைத் திறப்பான், திறப்பான் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். சித்தப்பா இரண்டு கையாலும் தட்டைத் தூக்கினார்.

என் கை பைக்குள் போனது. பாரத்தின் மூலை விரலில் பட்டது. வெறும் கையை வெளியே எடுத்தேன். எழுந்து நின்றேன்.

"ஒரு நிமிசம் சித்தப்பா. தட்ட கீழ வையிங்க. மாப்ள வூட்டுக்காரங்க தெரிஞ்சிக்க வேண்டிய விசயம் ஒண்ணு கீது."

"இன்னாடா இப்ப?" என்றார் சித்தப்பா.

"நான் ஏன் கல்யாணம் கட்டிக்கலன்னு கேட்டா நீங்க எல்லார்கிட்டயும் வேண்டுதல்னு சொல்லிக்கினு கீறீங்க. வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குப் பொண்ணுங்க மேல ஆச வராது. ஆம்பளைங்க மேலதான் வரும். பொறந்ததுல இருந்து அப்பிடித்தான். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சங்கம் கீது. திருப்பதி கிளைக்கு நான்தான் செயலாளரு. போலீசு புடிச்சாலும் இதத்தான் சொல்லுவேன். இப்பிடி ஒரு மச்சான் வேணுமான்னு யோசிச்சிக்கோங்க."

என் கணக்கு இதுதான். இதைக் கேட்டால் எந்த மாப்பிள்ளை வீட்டாரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். என் மானம் போகும், போகட்டும். தயாளன் ரகசியம் நிற்கும், புவனாவும் தப்பிப்பாள்.

பயம் இருந்தது, உண்மை. ஆனால் அதற்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது. முப்பத்திரண்டு வயது வரை மென்று விழுங்கியதை, நான் வளர்ந்த வீட்டுக் கூடத்தில் நின்று, நான் வளர்ந்த பாஷையில், தலை குனியாமல் சொல்லிவிட்டேன்! அந்தக் கணத்தில் எவன் என்னை அடித்திருந்தாலும் திருப்பி அடித்திருப்பேன்.

மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சொன்னார் பாருங்கள்:

"அட, இதானா? எங்க ஊர்ல கூட ஒர்த்தன் கீறான். அதுக்கு இன்னா பண்றது? மாப்ள அவுரு இல்லியே, எம் புள்ளதான!"

என் கணக்கு தலைகீழாகப் போயிற்று. சிரிப்பதா அழுவதா என்றே எனக்குத் தெரியவில்லை. தயாளன் தலை மார்பு வரைக்கும் தொங்கிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சம்மந்தி," என்று அவர் சித்தப்பா பக்கம் திரும்பினார். "பொரி போட இவுரு வேணாம். நல்ல காரியம், அந்தக் கை ஆவாது. கல்யாணத்து அன்னிக்கி மண்டபத்துப் பக்கமே வராம பாத்துக்கோங்க. வேற பங்காளிப் புள்ளய வெச்சி முடிச்சிக்கலாம்."

சித்தப்பா மூச்சை விட்டார். "அதுக்கின்னாங்க, அப்பிடியே பண்ணிடலாம்," என்று மறுபடி தட்டை எடுத்தார். என்னை வளர்த்தவர். அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உள் கதவு திறந்தது. பட்டுப் புடவையோடு புவனா கூடத்துக்கு வந்தாள். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல்.

"நைனா, தட்ட வையி."

"உள்ள போம்மா."

"எங்கண்ணன் கை ஆவாதுன்னா, எனக்கு இந்தக் கல்யாணமும் ஆவாது. எங்கையில பொரி போட்டா அதுதான் போடணும். வேற எவன் போட்டாலும் கீழ கொட்டிட்டு எந்திரிச்சி வந்துடுவேன். மண்டபத்துல கொட்டறதுக்கு இங்கயே சொல்லிட்றேன்."

"பொண்ணுக்கு வாய் நீளம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஆமாங்க," என்றாள் புவனா. "காபி ஆறிப் பூடப்போவுது, குடிச்சிட்டுப் போங்க."

அவர்கள் குடிக்கவில்லை. தயாளன்தான் கடைசியாக எழுந்தான். டம்ளரை ஓசைப்படாமல் தரையில் வைத்துவிட்டுப் போனான். சித்தப்பா என்னைப் பார்க்காமலே, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத," என்றார். அடுத்த அரை மணியில் நாலு தறியையும் ஓட விட்டார். தெரு முனை வரைக்கும் அந்தச் சத்தம் என்னைத் துரத்தியது.

மறுநாள் பாரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஏழு கையெழுத்தும் இருந்தன. எதையும் அடிக்கவில்லை. தயாளன் பிறகு எந்தப் பெண்ணையும் கட்டிக்கொள்ளவில்லை. அதற்கு மேல் அவன் கதை அவனுடையது, என் பேனாவுக்கு அதில் வேலையில்லை.

பஸ் ஸ்டாப்பில்

அந்த வெள்ளிக்கிழமைக்கே திரும்புகிறேன். பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ண்ணா, நில்லு."

புவனா. பட்டுப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், வெயிலில் ரோட்டைத் தாண்டி வந்தாள். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் நல்ல காரியத்த நான் கெடுத்துட்டேன்," என்றேன்.

"அத்த உடு. நீ எப்பிடின்னு எனுக்கு எப்பயோ தெரியும். இத்தன வருசமா சொல்லாதவன், இன்னிக்கி எதுக்குச் சொன்ன?"

நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல ரோட்டைப் பார்த்தேன்.

"காபி குடுத்தப்ப அவரு என்ன நிமிந்துகூடப் பாக்கல. நீ பேசறப்ப மட்டும் உன்னயே பாத்துக்கினு இருந்தாரு. கண்ணுல தண்ணி நின்னுச்சி. கதவு சந்துல நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"புவனா, என்னால எதுவும் சொல்ல முடியாது."

"நான் எதுவும் கேக்கல. நீயும் எதுவும் சொல்லாத."

திருப்பதி பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தேன். அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. எல்லாம் தெரிஞ்சிக்கினு, எங்கையில பொரியயும் போட்டுட்டு, கம்முனு போயிருந்தன்னு வெய்யி. உன்ன இந்த ஜென்மத்துல மன்னிச்சிருக்க மாட்டேன்."